விளக்குப் பிடிக்கும் கைகள்

மும்பைத் தமிழர் வீடுகளில் ஒரு காலத்தில் பிள்ளை பத்தாவது தேறியதும் டைப்ரைட்டிங் படிக்க அனுப்புவார்கள். தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றவனுக்குக் கோட்டைப் பகுதி அலுவலகங்களில் நாற்காலி கிடைத்தது. அந்த நாற்காலிகளைக் காட்டித்தான் 1966இல் தொடங்கிய சிவசேனை தென்னாட்டவர் மீது பகை மூட்டியது. தட்டச்சுப் பொறி மறைந்துவிட்டது. இன்று நம் பிள்ளைகள் கேமராவைத் தொழிலாகக் கேட்கிறார்கள். ஆசை தவறன்று. கல்யாணம், விளம்பரம், சினிமா, பத்திரிகை என்று நான்கு வாசல் உள்ள நகரம் இது. ஆனால் எந்த விலை கொடுத்து உள்ளே நுழைவது?

சில மாதப் பயிற்சிக்குப் பெருந்தொகை கேட்கும் தனியார் நிலையங்கள் தெருவுக்குத் தெரு முளைத்துள்ளன. தாலிக்கொடியை அடகு வைக்குமுன் விசாரியுங்கள். 1857இல் தோன்றிய ஜே.ஜே. கலைப்பள்ளியின் வளாகத்திலேயே பயன்பாட்டுக் கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே புகைப்படக் கலையும் பாடம். அரசுக் கல்லூரிகளில் மாநில இடம் கேட்டால் டொமிசைல் சான்று கேட்பார்கள். அதற்கு 15 ஆண்டு இங்கே வாழ்ந்த ஆதாரம் வேண்டும். பள்ளிச் சான்று, ரேஷன் அட்டை, மின்கட்டண ரசீது எதையும் தொலைக்காதீர்கள்.

படித்தவனும் முதலில் உதவியாளனாகத்தான் போகிறான். முகூர்த்த நாட்களில் நள்ளிரவு வரை விளக்குப் பிடித்தவனுக்கு, "தொழில் கற்றுக்கொள்கிறாயே, போதாதா?" என்று சாப்பாடு போட்டு அனுப்புகிறார்கள். கற்பது வேறு, கூலி வேறு. நாள் கூலி எவ்வளவு என்பதை வேலைக்கு முன்பே பேசி, போனில் ஒரு செய்தியாகவாவது எழுதி வாங்குங்கள்.

சட்டமும் தெரிய வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தின் உரிமை எடுத்தவனுடையது. ஆனால் காசு கொடுத்து எடுக்கச் சொன்னால் கொடுத்தவருக்கும், சம்பள வேலையில் எடுத்தால் முதலாளிக்கும் போகும். வேறு ஒப்பந்தம் இருந்தால்தான் மாறும். உரிமை கைமாறினாலும், "இது நான் எடுத்த படம்" என்று சொல்லும் உரிமை எடுத்தவனுக்கு உண்டு. கையெழுத்துப் போடுமுன் படித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். தாராவிச் சந்துகளை உலகமே படம் எடுத்துப் போகிறது. நம் பிள்ளை எடுத்த படம் எத்தனை? மதுரையில் மீன் விற்ற தாயின் மகன் பழனிக்குமார், கடன் வாங்கிய பணத்தில் கேமரா வாங்கி, மலக்குழியில் மாண்ட துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களின் துயரத்தை நாட்டுக்குக் காட்டினார். அந்தத் துணிவு இங்கும் பிறக்கட்டும்.

மறுசீரமைப்பில் நம் சந்துகள் மறையும் நாள் வருகிறது. அதற்குள் ஒவ்வொரு பகுதிச் சங்கமும் பொதுப் பணத்தில் ஒரு கேமராவாவது வாங்கட்டும். தொழில் தெரிந்தவர்கள் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு, ஆண் பெண் என்று பாராமல், கற்றுத் தரட்டும். பிறர் படத்துக்கு விளக்குப் பிடித்தது போதும். நம் வாழ்வை நாமே பதிவு செய்வோம்!