ஹைடனின் சிறு கீதங்கள்

நூற்றுக்கு மேற்பட்ட ஸிம்பொனிகளை இயற்றி, அவற்றின் பிதா என்றே ஐரோப்பிய சங்கீத உலகத்தாரால் கொண்டாடப்பெற்ற ஜோசப் ஹைடன், அறுபது பிராயம் கடந்து லண்டன் மாநகரில் தங்கியிருந்த நாட்களில், ஒரு குரலும் ஒரு பியானோவுமே போதுமென்று எழுதிய கான்ஸோனெட்டாக்கள் என்னும் ஆங்கிலச் சிறு கீதங்களைச் சில்லறைச் சரக்கென்று ஒதுக்கிவிடும் விமர்சகர்களோடு எனக்கு ஒருபோதும் சம்மதமில்லை. 1794-ல் வெளியான முதல் ஆறு பாட்டுகளுக்கும் சாகித்தியம் அளித்தவர் ஆன் ஹண்டர் என்னும் கவி. பிரசித்தி பெற்ற சஸ்திர வைத்தியர் ஜான் ஹண்டரின் மனைவி. (ஹைடனின் மூக்கில் வளர்ந்திருந்த சதையை அறுத்தெடுக்க அந்த வைத்தியர் ஆட்களை வைத்துப் பிடிக்கப் பார்த்ததும், ஹைடன் கைகால்களை உதறித் தப்பியதும் தனிக் கதை.) இப்பாட்டுகளுள் சில, வரவேற்பறையில் குடும்பப் பெண்கள் பாடி மகிழ்வதற்கென்றே அமைந்தவை என்பதும், பியானோவின் வலக்கை குரலையே நிழல்போல் தொடர்கிறது என்பதும் மெய்தான். ஆனால் 1795-ல் வந்த இரண்டாம் தொகுதியில், ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் ஆண் வேஷம் பூண்ட வயோலா, தன் தந்தைக்கு ஒரு மகள் இருந்தாள் என்று பிறர் கதைபோலத் தன் கதையையே சொல்லும் இடத்தின் சில வரிகளை எடுத்துக்கொண்டு, பாடகி வாய் திறப்பதற்கு முன்பே பியானோவை விளம்ப காலத்தில் நெடுநேரம் பேசவிட்டு, பின்னர் குரலைச் சிறு சிறு துணுக்குகளாக, இடையிடையே மௌனத்தோடு ஹைடன் இழையவிடும் பாட்டு ஒன்று இருக்கிறது. குரலும் வாத்தியமும் சமானமாக உரையாடும் கலை முழுவதையும் சங்கீத கர்த்தா ஷூபர்ட்டின் பெயரிலேயே எழுதிவைத்திருப்பவர்கள் அந்தப் பாட்டை ஒருமுறையேனும் கேட்கவேண்டும். அது அச்சேறியபோது ஷூபர்ட் பிறந்திருக்கவே இல்லை.