ரைட் கிளிக் மெனுவில் ஆன்டிவைரஸ்... யாருக்கு லாபம்?

சிதம்பரம் அண்ணாமலை நகர்ப் பக்கம் புராஜெக்ட் சமர்ப்பிக்கிற நேரத்தில் ஜெராக்ஸ் கடைகளில் போய் நின்று பாருங்கள். ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு பென் டிரைவ். கடைக்காரர் வாங்குவார், செருகுவார், பிரிண்ட் கொடுப்பார், பிடுங்குவார், அடுத்தது! கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் டைப் செய்த ஃபைல், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று பஸ்ஸில் வந்து சிதம்பரத்தில் பிரிண்ட் ஆகிறது. கூடவே வைரஸும் டிக்கெட் எடுக்காமல் வந்து இறங்குகிறது. இப்போது பாதிப் பேர் வாட்ஸ்அப்பிலோ ஈமெயிலிலோ அனுப்பிவிடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் டேலி டேட்டா, படங்கள் நிறைந்த பெரிய ரிப்போர்ட் என்றால் பென் டிரைவ்தான் கதி.

இந்த நிலைமைக்கு அடிக்கடி சொல்லப்படும் ஒரு டிப்ஸ், டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்தால் வரும் மெனுவிலேயே ஆன்டிவைரஸ் ஷார்ட்கட்டைச் சேர்த்து வைப்பது. செய்வது சுலபம். ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, கிளாஸஸ் ரூட் என்ற பெரிய கிளைக்குள் டெஸ்க்டாப் பேக்ரவுண்ட், அதற்குள் ஷெல் என்று போக வேண்டும். அங்கே ஒரு புது கீ. அதற்கு வைக்கிற பெயர்தான் மெனுவில் தெரியும். அதற்குள் கமாண்ட் என்று இன்னொரு கீ. அதன் டீஃபால்ட் மதிப்பில் எந்த புரோகிராம் ஓட வேண்டுமோ அதன் பாதை. அவ்வளவுதான். விண்டோஸோடு வரும் டிஃபெண்டருக்கு என்றால் எம்பி கமாண்ட் ரன் என்ற சின்ன புரோகிராம் உள்ளேயே இருக்கிறது. ஸ்கேன் டைப் 1 என்று கொடுத்தால் குயிக் ஸ்கேன், 2 என்றால் ஃபுல் ஸ்கேன், 3 என்றால் நாம் சொல்கிற ஃபோல்டர் மட்டும். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை வேண்டும். ரெஜிஸ்ட்ரியைத் தொடுவதற்கு முன் ஒரு பேக்கப் எடுத்து வைப்பது நல்லது.

சரி, விஷயத்துக்கு வருவோம். இதைச் செய்து வைத்தால் பாதுகாப்பு கூடிவிடுமா?

சொந்த லேப்டாப்பில் பெரிதாக ஒன்றும் கூடாது. ரியல் டைம் புரொட்டக்‌ஷன் ஓடிக்கொண்டிருந்தால், ஃபைலைத் திறக்கும்போதே ஆன்டிவைரஸ் பார்த்துவிடுகிறது. மெனுவில் ஒரு வரி அதிகமாவது அழகுக்குத்தான். போதாததற்கு, பென் டிரைவ் ஐகானின் மேலோ ஃபோல்டரின் மேலோ ரைட் கிளிக் செய்தால் "ஸ்கேன்" என்ற வரியை அநேகமாக எல்லா ஆன்டிவைரஸும் தானாகவே வைத்துவிடுகிறது. அதைத் தொடாதவர்கள் டெஸ்க்டாப்பில் வைத்தால் மட்டும் தொடுவார்களா என்ன?

இந்த டிப்ஸுக்கு உண்மையான வேலை இருப்பது பலர் கை படுகிற கணினியில். கடையில், காலேஜ் லேபில், ஹாஸ்டல் ரூமில். பழைய மெஷின், ரேம் குறைவு, "ஸ்லோவா இருக்கு" என்று யாரோ புரொட்டக்‌ஷனை அணைத்து வைத்திருப்பார்கள். இன்னும் சில இடங்களில் அதைவிடப் பெரிய கூத்து. கிராக் செய்த ஆன்டிவைரஸைப் போடுவதற்காக இருக்கிற ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். திருடனிடமே பூட்டு வாங்குகிற மாதிரி!! அப்படிப்பட்ட கணினியில், கை போகிற இடத்தில் ஸ்கேன் இருப்பது நிச்சயம் உதவும்.

ஆனால் மெனுவில் வைக்க வேண்டிய முதல் வரி ஸ்கேன் அல்ல. அப்டேட்! டிரையல் முடிந்துபோய், ஆறு மாதத்துக்கு முந்தைய வைரஸ் பட்டியலை வைத்துக்கொண்டு ஸ்கேன் செய்தால் "ஒன்றும் இல்லை" என்று பச்சை டிக் வரும். அந்தப் பச்சை டிக்கை நம்பி அடுத்த ஆள் பென் டிரைவைச் செருகுவான். மேலே சொன்ன அதே டிஃபெண்டர் புரோகிராமுக்கு சிக்னேச்சர் அப்டேட் என்றும் ஒரு கட்டளை உண்டு. முதலில் அது, அதற்குக் கீழே குயிக் ஸ்கேன். இரண்டு வரி போதும். ஆளுக்கொரு ஆன்டிவைரஸ் என்று இரண்டு மூன்றைப் போட்டு மெனுவை நிரப்பினால் அவை ஒன்றோடொன்று மல்லுக்கட்டி கணினியைப் படுக்க வைத்துவிடும்.

ரைட் கிளிக் மெனுவைப் பற்றிப் பேசும்போது யாரும் சொல்லாத ஒன்று உண்டு. அந்த மெனுவை முதலில் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது ஆன்டிவைரஸ் அல்ல, வைரஸ்தான். எக்ஸ்பி காலத்தில் பென் டிரைவ் ஐகானை டபுள் கிளிக் செய்தால் அதில் இருக்கும் ஆட்டோரன் ஃபைல் சொல்கிற புரோகிராம் ஓடிவிடும். அதனால் "டபுள் கிளிக் பண்ணாதே, ரைட் கிளிக் பண்ணி எக்ஸ்ப்ளோர் கொடு" என்று ஒரு பாடம் லேப் லேபாகப் பரவியது. வைரஸ் எழுதியவர்கள் சும்மா இருப்பார்களா? அதே ஆட்டோரன் ஃபைலில் ஓபன், எக்ஸ்ப்ளோர் இரண்டு வரிகளுக்கும் தங்கள் புரோகிராமையே கட்டிவிட்டார்கள். ஜாக்கிரதையாக ரைட் கிளிக் செய்தவனும் மாட்டினான்.

2008 நவம்பரில் கிளம்பிய கான்ஃபிக்கர் இன்னும் ஒரு படி மேலே. பென் டிரைவ் செருகியதும் வரும் ஆட்டோபிளே பெட்டியில், "ஃபைல்களைப் பார்க்க ஃபோல்டரைத் திற" என்று மஞ்சள் ஃபோல்டர் படத்தோடு ஒரு வரியைத் தானே சேர்த்து வைத்தது. பார்த்தால் விண்டோஸ் கொடுத்த வரி மாதிரியே இருக்கும். 2009-ல் வந்த விண்டோஸ் 7 பென் டிரைவுக்கு ஆட்டோரனை நிறுத்தியது. எக்ஸ்பி, விஸ்டாவுக்கு 2011 பிப்ரவரியில்தான் மைக்ரோசாஃப்ட் அப்டேட் மூலம் அதையே செய்தது. நடுவில் 2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட்டோ கிளிக்கே கேட்கவில்லை. பென் டிரைவைத் திறந்து ஷார்ட்கட் ஐகான் கண்ணில் பட்டாலே போதும். அது ஈரானைக் குறிவைத்தது என்றாலும், அதிகம் பாதித்த நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இருந்தது.

இதிலிருந்து தெரிவது என்ன? மெனுவில் இருக்கும் வார்த்தை ஒன்று, அதன் பின்னால் ஓடும் கட்டளை வேறு. "ஸ்கேன்" என்று பெயர் வைத்துவிட்டு எதை வேண்டுமானாலும் ஓட விடலாம். அதனால்தான் "இந்த ரெஜிஸ்ட்ரி ஃபைலை டவுன்லோட் செய்து டபுள் கிளிக் செய்யுங்கள், மெனு தானாக வந்துவிடும்" என்று யாராவது ரெடிமேடாகக் கொடுத்தால் வாங்கக் கூடாது. நோட்பேடில் திறந்து படித்துப் பார்த்துவிட்டாவது போடுங்கள். ஐந்து நிமிட வேலைக்கு முகம் தெரியாதவர் கையில் வீட்டுச் சாவியைக் கொடுப்பானேன்?

ஸ்கேன் செய்தவர்களே ஏமாந்துபோகிற இடமும் ஒன்று உண்டு. ஷார்ட்கட் வைரஸ் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வது பென் டிரைவில் உள்ள ஃபோல்டர்களை அழிப்பதில்லை. ஒளித்து வைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டை வைக்கிறது. ஆன்டிவைரஸ் வந்து ஷார்ட்கட்டைப் பிடித்து அழித்துவிடும். ஒளிந்திருக்கும் ஃபோல்டரை வெளியே கொண்டு வராது, பெரும்பாலும். பையன் திறந்து பார்த்தால் பென் டிரைவ் காலி! மூன்று மாத புராஜெக்ட், சர்வே ஃபாரம், டேபிள் எல்லாம் போச்சு என்று அலறி, ஆன்டிவைரஸைத் திட்டி, கடைசியில் ஃபார்மட் செய்துவிடுகிறான். உண்மையில் ஃபைல்கள் தொலைந்தது அந்த ஃபார்மட்டில்தான். அதற்கு முன் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்திருந்தால், காலியாகத் தெரியும் டிரைவில் இரண்டு ஜிபி நிரம்பியிருப்பது தெரிந்திருக்கும். கமாண்ட் பிராம்ப்டில் அட்ரிப் கட்டளையால் ஹிடன், சிஸ்டம் என்ற இரண்டு அடையாளங்களை எடுத்துவிட்டால் எல்லாம் திரும்பி வந்திருக்கும். ஆன்டிவைரஸ் ஷார்ட்கட்டைவிட இந்த பிராப்பர்ட்டீஸ் வரி எத்தனையோ பேரின் டிகிரியைக் காப்பாற்றக்கூடியது. அது ஏற்கனவே மெனுவில் இருக்கிறது, கடைசி வரியாக :-)

ரான்சம்வேர் வந்தால் இந்த வித்தையெல்லாம் எடுபடாது. 2017 மே மாதம் வான்னாக்ரை உலகம் முழுக்க ஆடிய ஆட்டம் நினைவிருக்கும். அங்கே ஃபைல் ஒளிவதில்லை, பூட்டப்படுகிறது. இன்னொரு இடத்தில் காப்பி இருந்தால் பிழைக்கலாம்.

காசு இல்லை என்ற சாக்கும் எடுபடாது. டிஃபெண்டர் விண்டோஸோடு இலவசம். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017-ல் தொடங்கியபோது, சி-டாக் உருவாக்கிய யுஎஸ்பி பிரதிரோத் என்ற மென்பொருளையும் இலவசமாகக் கொடுத்தது. எந்த பென் டிரைவ், யார் செருகலாம் என்று கட்டுப்படுத்துவதுதான் அதன் வேலை. லேபுக்கும் கடைக்கும் என்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது, ஆனால் பெயரைக் கேட்டால் விழிக்கிறார்கள். காசு கொடுத்து வாங்குவதானாலும் அமெரிக்காவைத் தேட வேண்டாம். கே7 சென்னைக் கம்பெனி, குயிக் ஹீல் புனே.

கடை வைத்திருப்பவர்களுக்குத்தான் இதில் பொறுப்பு அதிகம். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர், செருகிய பென் டிரைவை ஒரு தரம் ஸ்கேன் செய்து கொடுப்பது பெரிய சேவை ஒன்றும் இல்லை. ஹோட்டலில் டம்ளரைக் கழுவி வைப்பது போலத்தான். கூட்டம் நிற்கும்போது நேரமில்லை என்பார்கள். ஒரு சின்ன பென் டிரைவை ஸ்கேன் செய்கிற நேரத்தில் முன்னால் நிற்பவரின் ரிப்போர்ட் பிரிண்ட் ஆகி முடியாது.

மெனுவைச் சேர்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. விண்டோஸ் 11-ல் ரைட் கிளிக் செய்தால் சுருக்கமான புது மெனுதான் வரும். ரெஜிஸ்ட்ரியில் இப்படிச் சேர்த்த வரி அதில் தெரியாது. "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" கொடுத்தோ, ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு எஃப்10 தட்டியோ பழைய மெனுவை வரவழைத்துப் பாருங்கள், அங்கே இருக்கும்.