சும்மா ஒரு கையெழுத்து

மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். ராஜபாளையத்துப் பணத் தாவா பல சமயம் மேல்முறையீட்டுக்கு அங்கே வந்து நிற்கும். தோற்றவருக்கு ஸ்டே வேண்டும், கோர்ட்டோ பிணை கேட்கும். உடனே ஒரு மாமனோ மச்சானோ பட்டா, வில்லங்கச் சான்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறுவார். “சும்மா ஒரு கையெழுத்துதான் மாமா!” அப்பீல் தள்ளுபடியானால் அந்தச் ‘சும்மா’வின் விலை தெரியும். தனி வழக்கே வேண்டாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 145-ஆம் பிரிவில், ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட்டு, ஜாமீன்தாரர் மீதே டிகிரியை நிறைவேற்றலாம். ‘நான் பொறுப்பேற்கவில்லை, நிலத்தைத்தான் காட்டினேன்’ என்ற சாக்கும் செல்லாது. ராஜ் ரகுபர் சிங் வழக்கில் 1919-லேயே பிரிவி கவுன்சில் அந்தக் கதவைச் சாத்திவிட்டது: ஸ்டேக்காகக் காட்டிய சொத்தைக் கோர்ட்டே விற்கச் சொல்லலாம். ஜெயித்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர் அதைக் கேட்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கோபமெல்லாம் பத்திரத்தைப் படிக்கவிடாமல் பேனாவை நீட்டுகிறவர் மேல்தான். எழுதிக்கொடுத்த அளவுக்குத்தான் பொறுப்பு என்பதால், உச்சத் தொகை எவ்வளவு, வட்டியும் செலவும் அதில் அடங்குமா என்று வக்கீலிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், மாமா.