ஊசிக்குப் பயந்து நாளைக் கடத்தாதீர்கள்



கடப்பாக்கத்தில் மழை தொடங்கிவிட்டது; காய்ச்சலும்தான். "கொரோனாவுக்கு மூக்கில் குச்சி விட்டு எடுத்தாங்களே, டெங்குவுக்கும் அப்படி எடுக்கக் கூடாதா சார்?" என்று பழைய மாணவன் ஒருவன் கேட்டான். மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஊசி என்றாலே அழுகிறாளாம்.

நல்ல கேள்வி. 2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, இறந்தவர்களின் வாயில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்தே சோதித்தார்கள். அதே நவம்பரில் லைபீரியாவில் குணமாகி டெல்லி வந்த இளைஞரின் ரத்தத்தில் கிருமி இல்லை, விந்துவில் தெரிந்தது. விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தினார்கள். ரத்தம் சொல்லாததை மற்றவை சொல்வதும் உண்டு.

ஆனால் டெங்குவில் கிருமி இருக்கிறதா என்பது பாதிக் கேள்விதான். பிளேட்லெட் எவ்வளவு குறைந்தது, ரத்தம் எவ்வளவு கெட்டியானது என்பது மீதி. அதை எச்சில் சொல்லாது. காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் ஆபத்தே வரும். "விட்டுடுச்சு" என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

எச்சில் சோதனை வளரட்டும், வரவேற்கிறேன். அதுவரை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கையை நீட்டச் சொல்லுங்கள். அழுகை ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும்.