ஒரே உறையில் இரண்டு கத்தி

ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்குமா? காந்த குணமும் மின் குணமும் ஒரே படிகத்தில் குடியிருப்பது ஏன் இத்தனை அபூர்வம் என்பதற்கு 2000-ல் விடை சொன்னார், நிகோலா ஸ்பால்டின் என்ற விஞ்ஞானப் பெண்மணி. அணுவின் ஓர் எலெக்ட்ரான் அறை காலியாயிருந்தால் மின் குணத்துக்குச் சௌகரியம். அதே அறையில் ஓரளவாவது ஆள் இருந்தால்தான் காந்த குணம்!

அப்படியானால் சமரசமே கிடையாதா? உண்டு. பிஸ்மத், இரும்பு, பிராணவாயு சேர்ந்த படிகத்தில் மின் குணம் பிஸ்மத்தின் பொறுப்பு. காந்த குணம் இரும்பின் பொறுப்பு. 2003-ல் ஸ்பால்டினும் ஆர். ரமேஷ் குழுவினரும் அதன் மெல்லிய ஏட்டை ஆராய்ந்தார்கள். 2006-ல் மின் அழுத்தத்தாலேயே அதன் காந்த ஒழுங்கைத் திருப்பிக் காட்டினார்கள்.

காந்த நினைவில் மின்னோட்டம் பாய்ச்சி எழுதினால் வீண் சூடு. இது கைகூடினால் மின்சாரம் மிச்சம்.

வேலையைப் பங்கிட்டுக்கொண்டால் ஒரே வீட்டில் யார்தான் ஒத்துப்போக மாட்டார்கள்!