பிறை பார்ப்பது வானிலா, திரையிலா?



2025 மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை. சவூதி அரேபியாவில் நோன்புப் பெருநாள். தமிழகத்திலோ தலைமை காஜியின் அறிவிப்பின்படி திங்கட்கிழமை. இத்தகைய ஆண்டுகளில் தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர்ப் பகுதிகளில் நாம் காண்பது என்ன? ஒரே வீட்டில் தந்தை நோன்பாளியாக அமர்ந்திருக்க, மகன் புத்தாடை அணிந்து பெருநாள் தொழுகைக்குப் புறப்படுகிறான். பெருநாளன்று நோன்பு நோற்பது ஹராம். ரமளானில் காரணமின்றி நோன்பை விடுவதும் பெரும்பாவம். எனவே ஒருவர் கண்ணுக்கு மற்றவர் பாவியாகிறார்.

ஓரிடத்துப் பிறை அனைவருக்கும் போதும் என்பது இமாம்களிடையே உள்ள கருத்தே. ஹனஃபி நூல்களிலும் அது உண்டு. கற்றுணர்ந்து அதனை ஏற்பவரோடு நமக்கு வழக்கில்லை. ஆனால் மகன் காட்டும் ஆதாரம் கைப்பேசிக் காணொளி ஒன்றே. "அரபுலகமே கொண்டாடுகிறது" என்கிறான். அதுவும் உண்மையன்று. எகிப்து, ஜோர்தான், ஓமன், மொராக்கோ ஆகிய நாடுகள் அவ்வாண்டு திங்கட்கிழமையே கொண்டாடின. ஷாம் நாட்டின் பிறைச் செய்தியை குரைப் கொண்டுவந்தபோது, மதீனாவில் இருந்த இப்னு அப்பாஸ் (ரலி) அதனை ஏற்கவில்லை என்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இதனை அவனுக்கு யாரும் காட்டவில்லை.

இந்நோய் அரபுலகில் முன்னரே முற்றியது. 1996இல் தொடங்கிய அல்ஜஸீராவில் யூசுஃப் அல்கர்ளாவியின் நிகழ்ச்சி, 1998இல் இக்ரா, பின்னர் எத்தனையோ அலைவரிசைகள். தொலைபேசியில் அழைத்தவருக்குச் சில நிமிடங்களில் மார்க்கத் தீர்ப்பு! ஆயினும் திரையில் யார் பேசலாம் என்பதை முடிவுசெய்தவை ஆட்சியும் பணமுமே. கெய்ரோவின் 'அந்நாஸ்' 2013 ஜூலை 3 அன்று ஆட்சி கவிழ்ந்த இரவிலேயே நிறுத்தப்பட்டது. அடுத்த மாதமே 'அர்ரிஸாலா'வின் தலைவர் தாரிக் அஸ்ஸுவைதானை அதன் உரிமையாளரான சவூதி இளவரசர் நீக்கினார். நம் முத்தவல்லிகளும் இமாமை நீக்குவதுண்டு என்பீர்கள். உண்மைதான், ஆனால் அவர்களையாவது ஜும்ஆவுக்குப் பின் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம்.

இராக்கிலிருந்து எகிப்து சென்ற இமாம் ஷாஃபிஈ (ரஹ்) தம் தீர்ப்புகள் பலவற்றை மாற்றினார்கள். இடமும் மக்களும் அறியாமல் ஃபத்வா இல்லை. கேட்பவள் யார், அவள் கணவன் யார், கடன் எவ்வளவு என்பதைத் திரை அறியுமா?

எனினும் திரையை மட்டும் ஏசுவது நேர்மையாகாது. நம் மஸ்ஜிதுகள் பலவற்றில் பெண்கள் ஒரு ஐயம் கேட்க இடமில்லை. மாதவிடாய்ச் சட்டத்தையும் தலாக்கையும் அவர்கள் யாரிடம் கேட்பார்கள்? ஸஹர் நேர நிகழ்ச்சியும் யூடியூபும்தான் அவர்களுக்குத் திறந்த கதவுகள். அக்கதவை ஏசும் நிர்வாகிகள் தம் கதவை மூடியே வைத்திருக்கிறார்கள். மதரஸாக்களில் பட்டம் பெற்ற ஆலிமாக்கள் நம் புறநகர்களிலேயே வீட்டில் இருக்கிறார்கள். வாரம் ஒரு நாள் அஸருக்குப் பின் ஓர் ஆலிமாவை அமர்த்த மஹல்லா நிதியில் பணமில்லையா? ஒலிபெருக்கியை மாற்ற இருந்ததே!