ஜன்னல் சீட்: அம்மாவுக்கு ஒரு கடல்!

போன மாசம் முழுக்க எங்க ஹாஸ்டல்ல ஒரே வியட்நாம் புராணம்தான். ரூம்மேட்டோட அக்கா தேனிலவுக்கு வியட்நாம் போயிட்டு வந்தாங்களாம். திருச்சியில ஏறினா நேரா ஹோ சி மின் நகரத்துல இறங்கற மாதிரி 2023-ல விமானம் விட ஆரம்பிச்சாங்களே, அதுல. அங்கே ஞா சாங்னு ஒரு கடலோர ஊர். ஒருநாள் முழுக்க தனிக் கார், தனி கைடு. கடற்கரை, தீவு, ஆயிரம் வருஷத்துக் கோயில்னு சுத்தியிருக்காங்க. கோயில் பேரு 'போ நகர்'. (சத்தியமா! அந்த ஊர் அம்மன் கோயில் அது. நம்ம டவுன் பஸ் போர்டு மாதிரி இல்லே?)

போட்டோவை எல்லாம் பார்த்துட்டு நான் பெருமூச்சு விட்டது வியட்நாமுக்காக இல்லீங்க. அந்த 'தனி கார், தனி கைடு' சமாசாரத்துக்காக. ஏன்னா எங்க அம்மா அதுவரைக்கும் கடலைப் பார்த்ததே கிடையாது. கேட்டிருக்காங்க!

புரியலையா? சொல்றேன்.

நமக்குச் சொந்த ஊர் குன்னத்தூர். ஊத்துக்குளிக்குப் பக்கம். அப்பா திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர், அம்மா இன்னொரு கம்பெனியில செக்கிங். சனிக்கிழமை சம்பளம், ஞாயித்துக்கிழமை லீவு. ஷிப்மென்ட் டைம்னா அந்த ஞாயிறும் போச்சு. நான் ஏழாவது படிக்கறப்ப ஒரு டூர் பஸ்காரர் 'ஒரே நாளில் சென்னை, மகாபலிபுரம்'னு நோட்டீஸ் அடிச்சார். தெருவே கிளம்புச்சு. போற வழியில ரெண்டு சேலைக் கடை, ஒரு சங்கு - சிப்பிக் கடைன்னு நிறுத்தி நிறுத்தி, மகாபலிபுரம் போய்ச் சேர்ந்தப்ப ஆறரை மணி. கோயில் வளாகத்தை சாயந்திரம் ஆறு மணிக்கே மூடிடுவாங்க. கும்மிருட்டு. தூரத்துல 'ஹோ'ன்னு ஒரு சத்தம். 'அதான் கடல், எல்லாரும் ஏறுங்க'ன்னு விசிலடிச்சுட்டார் மனுஷன்! அன்னையில இருந்து யார் கேட்டாலும் அம்மா சொல்ற பதில், 'நான் கடலைக் கேட்டிருக்கேனுங்க.' சிரிச்சுக்கிட்டேதான் சொல்வாங்க. எனக்குத்தான் எங்கேயோ குத்தும்.

எங்களுக்குப் பக்கத்துக் கடல்னா கேரளாப் பக்கம்தான். ஆனா அம்மா 'பார்த்தா அதே கடலைத்தான் பார்க்கோணும்'னு பிடிவாதம். சரின்னு இந்தப் பத்தி எழுதிச் சேர்த்த காசை எடுத்தேன். சனிக்கிழமை ராத்திரி திருப்பூர்ல சேரன் எக்ஸ்பிரஸ் ஏறினோம். விடிஞ்சா சென்னை. அங்கேயிருந்து நாள் வாடகைக்குக் கார். கிழக்குக் கடற்கரைச் சாலையில அறுபது கிலோமீட்டர் போல.

கைடை மட்டும் மகாபலிபுரத்துல பிடிச்சோம். இதுல ஒரு விஷயம் கவனிங்க. காரை விட்டு இறங்கினதும் நாலு பேர் ஓடி வருவாங்க. கழுத்துல அடையாள அட்டை இருக்கான்னு பாருங்க. சுற்றுலாத் துறை அங்கீகாரம் கொடுத்த கைடுகளுக்கு அட்டை உண்டு. எத்தனை மணி நேரம், எந்தெந்த இடம், எவ்வளவு ரூபாய்னு முதல்லயே பேசிடணும். 'கடைக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாது'ங்கறதையும் முதல் வரியிலேயே சொல்லிடணும். நான் சொன்னேன். எங்களுக்குக் கிடைச்சவருக்கு அறுபது வயசு இருக்கும், வெள்ளைச் சட்டை, கையில குடை. 'கடை வேணாம், சரி. வேற என்ன வேணும்?'னு கேட்டார். 'எங்க அம்மா கடல் பார்க்கணும்'னேன். அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். 'அப்ப ரதம் எல்லாம் அப்புறம். முதல்ல கடல்!'

கடற்கரைக் கோயிலை ஒட்டின மணல்ல போய் நின்னோம். காலை ஒன்பது மணி வெயில். அம்மா செருப்பைக் கழட்டி கையில எடுத்துக்கிட்டாங்க. ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்ட முதல் கேள்வி, 'ஏஞ்சாமி, அந்தப் பக்கம் கரையே இல்லீங்களா?'

'இருக்குதும்மா'ன்னு கைடு ஐயா குடையை நீட்டினார். 'இப்படியே நேர் கிழக்கே போனா அந்தமான். அப்புறம் பர்மா, தாய்லாந்து, கம்போடியா. அதையும் தாண்டினா வியட்நாம்!'

மொபைலை எடுத்துப் பார்த்தா... மக்களே, புல்லரிச்சுப் போச்சு! மகாபலிபுரம் இருக்கிறது 12.6 டிகிரி வடக்கு அட்சரேகையில. ரூம்மேட் அக்கா போன ஞா சாங் 12.2. கிட்டத்தட்ட ஒரே கோடு!

அம்மாவோட ரியாக்‌ஷன் வேற மாதிரி. 'வியட்நாமா? எங்க ஆர்டரை எல்லாம் தூக்கிட்டுப் போற ஊரா?' அப்பா விழுந்து விழுந்து சிரிச்சார். திருப்பூர்ல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. ஒரு ஆர்டர் கை நழுவுச்சுன்னா முதலாளி வாயில வர்ற பேரு ஒண்ணு பங்களாதேஷ், இல்லேன்னா வியட்நாம். உலகத்துக்கு அதிகமா துணி தைச்சு அனுப்பற நாடுகள்ல அதுவும் ஒண்ணாச்சே! கைடு ஐயாவுக்கு இந்த சங்கதி புதுசு. பதிலுக்கு அவர் ஒண்ணு சொன்னார். அந்த நாட்டுக் கடலோரத்துல சம்பான்னு ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே மீ சன்ங்கிற இடத்துல சிவனுக்குக் கோயில் கட்டின ராஜா பேரு பத்ரவர்மன். ஞா சாங் பக்கத்துல வோ கான்ங்கிற கிராமத்துல கிடைச்ச கல்வெட்டு சமஸ்கிருதத்துல இருக்கு. தென்கிழக்கு ஆசியாவிலேயே பழைய சமஸ்கிருதக் கல்வெட்டு அதுதானாம். 'இங்கே நரசிம்மவர்மன், அங்கே பத்ரவர்மன். ரெண்டு பக்கமும் கப்பல் போய் வந்துட்டு இருந்துச்சும்மா. உங்க ஆர்டர் அன்னிக்கே அங்கே போயிருக்கும்'னு சொல்லிட்டு அவரே சிரிச்சுக்கிட்டார்.

இதையெல்லாம் விட அவர் செஞ்ச நல்ல காரியம் என்ன தெரியுமா? அம்மா மணல்ல உட்கார்ந்ததும் பேச்சை நிறுத்திட்டார். தள்ளிப் போய் குடையை விரிச்சு உட்கார்ந்துட்டார். அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்... முக்கால் மணி நேரம்! எனக்கு உள்ளுக்குள்ள மீட்டர் ஓடுது. 'கிளம்பலாமா?'ன்னு போய்க் கேட்டேன். 'நேரம் உங்களுதுதானேம்மா, எனக்கென்ன அவசரம்?'ன்னார். விசில் அடிக்க அங்கே யாருமே இல்லை. (குளிக்க மட்டும் இறங்கிடாதீங்க. அந்தக் கடல் இழுக்கும்.)

பக்கத்துலயே கடற்கரைக் கோயில். எட்டாம் நூற்றாண்டு ஆரம்பத்துல ராஜசிம்ம பல்லவன் கட்டினது. சிவனுக்கு ரெண்டு சந்நிதி, நடுவுல பள்ளிகொண்ட பெருமாள். 1984-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது இந்த ஊர்ச் சின்னங்களை எல்லாம் சேர்த்துத்தான். 'ஏழு கோயில் இருந்துச்சு, ஆறு கடலுக்குள்ள போயிடுச்சுன்னு சொல்றாங்களே, நிஜமா?'ன்னு என் பொது அறிவைக் காட்டினேன். 'ஆமான்னு சொன்னா டிப்ஸ் ஜாஸ்தி கிடைக்கும். ஆனா அது மாலுமிங்க காலத்துக் கதை'ன்னார் ஐயா. நடந்தது என்னன்னா, 2004 சுனாமி (அடியேன் அவதரிக்கறதுக்கு முன்னாடி!) கரை மணலை அரிச்சுட்டுப் போனதுல, மூடிக் கிடந்த சிற்பப் பாறைகள் வெளியே வந்துச்சு. கொஞ்சம் வடக்கே சாளுவன்குப்பத்துல கல்வெட்டு ஒண்ணு தலைகாட்ட, அதை வெச்சுத் தோண்டினா ஒரு முருகன் கோயில்! மேலே பல்லவர் காலத்துக் கருங்கல், அதுக்கும் கீழே இன்னும் பழைய செங்கல் கட்டடம். திரும்பி வர்ற வழியில புலிக்குகையோட சேர்த்து அதையும் பார்த்தோம். கூட்டமே இல்லை. போனீங்கன்னா விட்டுடாதீங்க.

அடுத்து ஐந்து ரதம். கடற்கரைக் கோயிலுக்கு எடுத்த டிக்கெட்டே இதுக்கும் செல்லும், தூக்கிப் போட்டுடாதீங்க. இங்கேதான் நம்ம குடும்பத்தோட நிஜ முகம் வெளியே வந்துச்சு.

எங்க அம்மா எந்தப் பொருளைப் பார்த்தாலும் குத்தம்தான் முதல்ல கண்ணுல படும். தொழில் அப்படி. ஒரு டி-ஷர்ட்டைத் திருப்பிப் போடற நேரத்துல கறை, ஓட்டை, தையல் விட்டது எல்லாம் தெரிஞ்சுடணும். பீம ரதத்துக்கு முன்னாடி நின்னாங்க. மேலே பார்த்தாங்க, கீழே பார்த்தாங்க. 'ஏனுங்கய்யா, இது பாஸாகாதுங்களே! மேலே ஃபினிஷிங் சுத்தமா இருக்குது, கீழே தூணை அப்படியே விட்டுட்டாங்க?'

ஐயா கைதட்டிட்டார். 'முப்பது வருஷமா இந்தக் கேள்விக்காகத்தாம்மா காத்துக்கிட்டு இருக்கேன்!'

விஷயம் இதுதான். இது கல்லை அடுக்கிக் கட்டினது இல்லை. ஒரே பாறையை மேலேயிருந்து கீழே குடைஞ்சுக்கிட்டே வந்தது. முதல்ல கூரை, அப்புறம் சுவர், கடைசியிலதான் தூணும் தரையும். சாரம் கட்ட வேணாம், நிக்கறதுக்குக் கீழே பாறையே இருக்கு. பாதியில வேலை நின்னா? மேல்பாதி முடிஞ்சிருக்கும், கீழ்பாதி கிடக்கும். கீழே முடியாமல் விட்டதுதான் மேலேயிருந்து செதுக்கினாங்கங்கறதுக்கு சாட்சியே! மூணு வருஷமா மெக்கானிக்கல் படிக்கறேன். 'வாவ்'னு செல்ஃபி எடுத்துட்டு இருந்த எனக்கு இது கண்ணுல படலை. எட்டாவதோட நிறுத்தின அம்மாவுக்குப் பட்டுச்சு.

அப்பா பாறையையே தடவிப் பார்த்துட்டு இருந்தார். 'துணியை வெட்டறப்ப தப்பா கத்தி போச்சுன்னா அந்த அடுக்கே வேஸ்ட். எனக்கு இன்னும் கை நடுங்கும். இவங்க கூரையை வெட்டறப்பவே தரை எங்கே வரும்னு தெரிஞ்சுல்ல வெட்டியிருக்கோணும்?'னு அவர் பாட்டுக்குப் பேசிக்கிட்டார். எங்க அப்பா இவ்வளவு நீளமா பேசி நான் கேட்டதே இல்லைங்க.

அப்புறம் அர்ஜுனன் தபசு. தொண்ணூறு அடி நீளத்துக்கு யானையும் மானும் நாகமும். அர்ஜுனன் தவமா, பகீரதன் கங்கையைக் கொண்டு வந்ததான்னு இன்னிக்கும் பட்டிமன்றம் நடக்குது. அம்மா அதுல எல்லாம் தலையிடலை. ஒத்தைக் கால்ல தவம் பண்ற பூனையையும் அது காலடியில நிம்மதியா இருக்கற எலிகளையும் பார்த்துட்டு, எங்க சொந்தத்துல ஒருத்தர் பேரைச் சொன்னாங்க. (பேர் வேணாம், அவங்க பொண்ணு இந்தப் புக் வாங்கறா!) 2019 அக்டோபர்ல சீன அதிபர் ஷி ஜின்பிங் வந்தப்ப, நம்ம பிரதமர் மோடி வேட்டி கட்டிக்கிட்டு அவருக்குக் கைடு வேலை பார்த்தது இந்த இடத்துலதான். தனி கைடுன்னா அதுவல்லவோ தனி கைடு!

கிருஷ்ணர் வெண்ணெய் உருண்டைன்னு சரிவுல ஒரு பெரிய பாறை உருளாம நிக்குமே, அதைப் பத்தி அதிகம் சொல்றதுக்கில்லை. ஊத்துக்குளி வெண்ணெய் தின்னு வளர்ந்த ஜனங்க நாங்க. 'கல்லைக் காட்டி வெண்ணெய்ங்கறாங்க'ன்னு அம்மா நகர்ந்துட்டாங்க.

சரி, கணக்குக்கு வருவோம். கார், கைடு, டிக்கெட், சாப்பாடு எல்லாம் சேர்த்து 7,000 ரூபாயை நெருங்கிடுச்சு. அம்மாவோட ரெண்டு வார சம்பளத்துக்கும் மேல. 'பஸ்ல போயிருந்தா ஆயிரத்துல முடிஞ்சிருக்கும்'னு நீங்க சொல்றது கேக்குது. பசங்களா போனா நானும் பஸ்தான். நம்மகிட்ட மொபைல் இருக்கு, படிச்சுக்குவோம், ஓடிக்குவோம். ஆனா முட்டி வலிக்கற ஆளு, போர்டுல இருக்கற பொடி எழுத்தைப் படிக்கறதுக்குள்ள கூட்டம் தள்ளிட்டுப் போற ஆளு, கேள்வி மனசுல இருந்தும் நாப்பது பேர் முன்னாடி கேக்கத் தயங்கற ஆளு... அவங்களுக்குத்தான் தனி கைடு வேணும். நாலஞ்சு பேராச் சேர்ந்து பங்கு போட்டா ஆளுக்கு ரெண்டாயிரத்துக்குள்ள அடங்கிடும்.

ராத்திரி ரயில்ல அம்மா மேல் பர்த்தைப் பார்த்துக்கிட்டே கேட்டாங்க: 'வியட்நாம்லயும் கடல் கிழக்கேதானா சாமி?' ஆமான்னேன். அவங்களுக்கும் சூரியன் கடல்லதான் உதிக்கும். 'அப்ப அந்த ஊர்ல செக்கிங் பண்ற பொம்பளைங்க தெனமும் பார்ப்பாங்க'ன்னுட்டு தூங்கிட்டாங்க.

திங்கட்கிழமை மத்தியானம் நான் லேப்ல இருக்கறப்ப போன். பின்னாடி மெஷின் சத்தம். 'கண்ணு, அந்தக் குடைக்காரய்யா நம்பர் வெச்சிருக்கியா? எங்க டேபிள்ல ஆறு பேரு இருக்கறோம். தூணு முடிக்காம கிடக்குதுன்னா யாரும் நம்ப மாட்டீங்கறாங்க. வேனுக்கு எவ்வளவு ஆகும்னு கேட்டுச் சொல்லு!'